இலவசத் தோல் பரிசோதனை உயிரைக் காப்பாற்றுகிறதா?

முதலிலேயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. டேட்டாவைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். தோல் புற்றுநோய் முகாம்கள் பற்றிப் படிக்கப் போய், ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்துக் கதையில் மாட்டிக்கிட்டேன்.

தோல் புற்றுநோய்களில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் மெலனோமா. அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கு என்பதுதான் கணக்கு. 1970-ல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ அதை மில்லிமீட்டரில் அளக்கலாம்னு காட்டினார். 1 மி.மீ.க்குக் கீழே இருக்கும்போதே வெட்டி எடுத்துட்டா பெரும்பாலானோர் பிழைச்சுடறாங்க. 4 மி.மீ. தாண்டினா நிலைமையே வேற. கண்ணுக்குத் தெரியிற இடத்துல வளர்ற புற்றுநோய், ஸ்கேன் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்துட்டா முடிஞ்சுதே? அமெரிக்கத் தோல் மருத்துவ அகாதமி 1985 முதல் இலவச முகாம் நடத்துவது இந்த நம்பிக்கையில்தான்.

2003 ஜூலை முதல் 2004 ஜூன் வரை ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். குடும்ப மருத்துவர்களுக்கு 8 மணி நேரப் பயிற்சி. சந்தேகம் வந்தால் தோல் மருத்துவரிடம் அனுப்பணும். 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 19 சதவீதம், அதாவது சுமார் 3,60,000 பேர் வந்தார்கள். 585 பேருக்கு மெலனோமா இருந்தது. அதாவது 620 பேரைப் பார்த்தால் ஒன்று. கிட்டத்தட்ட 16,000 இடங்களில் தோலை வெட்டிச் சோதித்தார்கள். (மற்ற வகைத் தோல் புற்றுகளும் நிறைய கிடைத்தன, அதனால் வெட்டியதெல்லாம் வீண் இல்லை.)

ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால், அங்கே மெலனோமாவால் இறப்பவர்கள் விகிதம் பாதியாகக் குறைந்திருந்தது! பக்கத்து மாநிலங்களில் அப்படி எதுவும் இல்லை. அந்த முடிவுகள் வருவதற்கு முன்பே, 2008 ஜூலையில், 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனை என்று நாடு முழுக்கக் கொண்டுவந்துட்டாங்க.

நாடு முழுக்க இறப்பு குறையவில்லை. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனிலும் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போச்சு. 19 சதவீதம் பேரைப் பார்த்து இறப்பு எப்படி 50 சதவீதம் குறையும்? வந்த ஒவ்வொருத்தரையும் காப்பாற்றியிருந்தாலும் கணக்கு இடிக்குது. விழிப்புணர்வுப் பிரசாரத்தால் வராதவங்களும் தாங்களே டாக்டரைப் பார்த்திருக்கலாம், அது உண்மை. ஆனா பின்னால் இறப்புப் பதிவுகளைத் தோண்டியவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். மெலனோமா இறப்புகள் குறைந்த அதே வருஷங்களில், 'எங்கே தொடங்கியதுன்னு தெரியாத புற்றுநோய்' என்று பதிவான இறப்புகள் அங்கே கூடியிருந்தன. சின்ன மாநிலம், மெலனோமா இறப்புகள் வருஷத்துக்குச் சில பத்துகள்தான். சிலது மட்டும் வேற கோடுக்குள் போனாலே கிராஃப் சரிஞ்சுடும். பக் சரியாகலை, டிக்கெட் வேற லேபிளுக்குப் போயிருக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. வேகமா வளர்ற மெலனோமா சில மாதங்களிலேயே ஆழம் இறங்கிடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தா அது இடையில் நழுவிடும். முகாமில் சிக்குவது பெரும்பாலும் மெதுவா வளர்றவை. அவற்றில் சில ஆளைக் கொல்லவே போவதில்லை. அமெரிக்கத் தடுப்புப் பணிக்குழு 2016-லும் 2023-லும் அறிகுறி இல்லாத எல்லாருக்கும் பரிசோதனை செய்ய 'ஆதாரம் போதாது' என்றது இதனால்தான். 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் முக்கியம்.

சந்தேகம் உள்ள மச்சத்தைக் காட்டுவது வேறு சமாசாரம். அதற்கு இந்தச் சண்டை எதுவும் பொருந்தாது. புதுசா வந்தது, ஒரு பக்கம் ஒரு மாதிரி மறுபக்கம் வேற மாதிரி இருப்பது, ஓரம் ஒழுங்கில்லாதது, பல நிறம், நாளுக்கு நாள் மாறுவது என்றால் அடுத்த வாரமே தோல் மருத்துவரிடம் போகணும்.

நம்ம நிறத்துக்காரங்களுக்கு மெலனோமா அபூர்வம். வந்தால் வெயில் படும் முதுகில் வருவதைவிட உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கடியில் வருவதுதான் அதிகம். பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்துக்கடியில் வந்தது. 1977-ல் கண்டுபிடித்தார்கள், 1981-ல் 36 வயதில் இறந்துட்டார். நகத்தில் கறுப்புக் கோடு விழுந்து, அது அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலுக்குப் பரவினாலோ, எங்கேயோ இடிச்சுக்கிட்டோம்னு விட்டுடாதீங்க. சர்க்கரை நோயாளிகள் தினமும் பாதத்தைப் பார்க்கிறாங்க இல்லையா, பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்கலாம், காசு செலவில்லை.