"டைவர்ஸ் ஆகிவிட்டதாமே!"

கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இலையில் பாயசம் விழுகிற சமயம். பக்கத்து இலை அம்மாள் உங்கள் காதருகே குனிந்து, "அதோ அந்த நீலப் புடவை, அவளுக்கு டைவர்ஸ் ஆகிவிட்டதாமே?" என்கிறாள். "அப்படியா, பாவம்!" என்று சொல்லிவிட்டு நீங்கள் பாயசத்தைக் கவனிக்கிறீர்கள்.

நீலப் புடவைக்காரிக்கு ஆனது டைவர்ஸ்தானா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த அம்மாளுக்குத் தெரிந்திராது. சில சமயம் நீலப் புடவைக்காரிக்கே தெரிந்திராது!

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில், உடம்பெல்லாம் காயத்தோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். கோர்ட்டில் கேஸ் நடந்தது. தீர்ப்பும் சாதகமாக வந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் 'டைவர்ஸ் ஆனவள்' என்றுதான் தெருவில் அவளுக்குப் பெயர். அவளும் அப்படியேதான் நம்பியிருந்தாள்.

மனைவியை இழந்த ஒருவர், நல்ல மனிதர், அவளைப் பெண் கேட்டு வந்தார். தேதி கூடக் குறித்தாயிற்று. கல்யாணத்தைப் பதிவு செய்யக் கோர்ட்டுத் தீர்ப்பின் நகல் வேண்டும் என்றதும், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்தார்கள். வக்கீல் வாசித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார். "அம்மா, இது டைவர்ஸ் இல்லையே! ஜுடீஷியல் செபரேஷன் அல்லவா?" என்றார்.

முழுக்க வெட்டிவிட வேண்டாம், நாளைக்கே மாப்பிள்ளை திருந்தினாலும் திருந்தலாம் என்று எண்ணி, அவள் தகப்பனார் அந்த நாளில் அப்படிக் கேட்கச் சொல்லியிருக்கிறார். பெண்ணிடம் விளக்காமலே அவர் காலமாகிவிட்டார். புருஷனோடு சேர்ந்து வாழ வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பு. சட்டத்தின் கண்ணில் அவள் ஒன்பது வருஷமும் அவன் மனைவியாகவே இருந்திருக்கிறாள். குறித்த தேதியில் தாலி ஏறியிருந்தால் அந்தக் கல்யாணம் செல்லாது, குற்றமும் ஆகியிருக்கும்.

இந்தக் குழப்பத்தை நாம் உண்டாக்கவில்லை. சொல்லோடு கூடவே அது கப்பலேறி வந்தது.

லத்தீன் பாஷையில் 'டிவோர்ட்டியம்' என்றால் பாதை இரண்டாகப் பிரிகிற இடம். மலை முகட்டில் விழுகிற மழைநீர் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக வழிகிறதே, அந்த முகட்டுக்கும் அதே பெயர்தான். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு திசையில் திரும்பிவிடுவதற்கும் ரோமர்கள் இதே சொல்லை வைத்துக்கொண்டார்கள். அதில் ஏச்சும் இல்லை, அவமானமும் இல்லை. பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்கு வந்து சேர்ந்தது.

வந்த இடத்தில் மாதா கோயில் கோர்ட்டுகள் அதைப் பிடித்துக்கொண்டன. அங்கே இரண்டு விதமான டைவர்ஸ். ஒன்று, 'இந்தக் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது' என்று சொல்லிவிடுவது. எட்டாம் ஹென்றி காதரீன் ராணியை 'டைவர்ஸ்' செய்ததாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது உண்மையில் இந்த ரகம்தான். 1533-ல் அந்த விவாகமே செல்லாதென்று ஆர்ச்பிஷப் தீர்ப்புச் சொன்னார். இன்னொன்று, 'மேஜையிலிருந்தும் படுக்கையிலிருந்தும் டைவர்ஸ்'. ஒரே மேஜையில் சாப்பிட வேண்டாம், ஒரே படுக்கையில் படுக்க வேண்டாம். ஆனால் கட்டு அறுந்ததாக அர்த்தமில்லை, மறுமணமும் கூடாது. எங்கள் தெரு டீச்சரின் கதைதான்!

கட்டு முழுக்க அறுந்து மறுமணமும் செய்துகொள்ள வேண்டுமானால் பார்லிமெண்டில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும். பணக்காரர்களுக்குத்தான் அது கட்டும். 1857 வரை அப்படி விடுதலை வாங்கிய பெண்கள் நாலே நாலு பேர். 1801-ல் ஜேன் அடிஸன் என்ற பெண்மணி முதலாவதாக வாங்கினார். புருஷன் துரோகம் செய்தது அவருடைய சொந்தச் சகோதரியோடு. அவ்வளவு கோரம் இருந்தால்தான் பிரபுக்கள் மனம் இளகும் போலிருக்கிறது!

அந்த நாலு பேரில் இடம் கிடைக்காத ஒருத்தியைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கரோலின் நார்ட்டன். அழகி, எழுத்தாளர், நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தி. 1827-ல் 19 வயதில் கல்யாணம். புருஷன் பாரிஸ்டர், பார்லிமெண்ட் அங்கத்தினர், அடிக்கிறவர். 1836-ல் அவர் பிரதம மந்திரி மெல்போர்ன் பிரபுவையும் கரோலினையும் சேர்த்துப் பழி சொல்லி, பிரபுவிடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். ஜூரிகள் பழியை நம்பவில்லை, வழக்குத் தோற்றது. ஆனால் கரோலினுக்கு விடுதலை ஏது? மூன்று பிள்ளைகளையும் தகப்பன் கொண்டு போய்விட்டார். அன்றைய சட்டப்படி பிள்ளைகள் அவர் சொத்து. அவள் பேனா பிடித்துச் சம்பாதித்த பணமும் சட்டப்படி அவருடையதுதான்!

கரோலின் அழுதுகொண்டு உட்காரவில்லை, எழுதினாள். 1839-ல், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தன்னிடம் விடும்படி தாய் கோர்ட்டில் கேட்கலாம் என்று சட்டம் வந்ததில் அவள் எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் 1842-ல் அவளுடைய கடைக்குட்டி குதிரையிலிருந்து விழுந்து படுத்தபோது, தாய் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

1857-ல் டைவர்ஸுக்கென்று தனிக் கோர்ட்டு ஏற்பட்டது. அந்தச் சட்டம் நமக்கு முக்கியமான ஒரு காரியத்தைச் செய்தது. 'மேஜை, படுக்கை' டைவர்ஸின் பெயரை எடுத்துவிட்டு, அதற்கு 'ஜுடீஷியல் செபரேஷன்' என்று புதுப் பெயர் சூட்டியது. கட்டு அறுவதற்கு மட்டும் 'டைவர்ஸ்' நின்றது. நியாயம் மட்டும் நொண்டிக்கொண்டே வந்தது. புருஷனுக்கு மனைவியின் நடத்தை பிசகியது ஒன்றே போதும். மனைவிக்கோ அது மட்டும் போதாது, கொடுமை, கைவிட்டது என்று கூட ஒன்று சேர வேண்டும். இந்த வித்தியாசம் போக 1923 வரை ஆயிற்று. கரோலினுக்கோ புருஷன் 1875-ல் இறந்த பிறகுதான் விடுதலை. 1877-ல் மறுமணம் செய்துகொண்டாள். அதே வருஷம் காலமானாள்.

பிரிந்த இந்த இரண்டு பெயர்களும் அப்படியே நம் சட்டத்துக்கு வந்தன. சென்னை மாகாணத்தில் 1949-லேயே இந்துக்களுக்கு டைவர்ஸ் சட்டம் உண்டு. 1955-ல் வந்த இந்து விவாகச் சட்டத்தில் 10-வது பிரிவு செபரேஷன், 13-வது பிரிவு டைவர்ஸ். முதலில், கொடுமைக்கும் கைவிட்டதற்கும் செபரேஷன்தான் கேட்கலாம். 1976-ல்தான் அவற்றுக்கு டைவர்ஸே கேட்கலாம் என்று ஆயிற்று. இருவரும் சம்மதித்துப் பிரிகிற வழியும் அந்த வருஷம்தான் பிறந்தது.

சட்டத்தை விட்டு நம் வீட்டுப் பேச்சுக்கு வாருங்கள். 'அவன் டைவர்ஸ் கொடுத்துவிட்டான்', 'அவள் டைவர்ஸ் வாங்கிவிட்டாள்' என்கிறோம். கொடுக்கிறவன் அவன், கையேந்துகிறவள் அவள்! இரண்டு பேரும் சம்மதித்துப் போடுகிற மனுவுக்கு அவன் கையெழுத்து வேண்டும், வாஸ்தவம். ஆனால் கொடுமையை ருசுப்படுத்தினால், அவன் 'கொடுக்க மாட்டேன்' என்று குதித்தாலும் கொடுக்கிறது கோர்ட்டுதான். இது தெரியாமல், 'அவர் கொடுக்க மாட்டேன் என்கிறாரே' என்று வருஷக்கணக்கில் காத்திருக்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பிரயோகமும் உண்டு: 'பத்திரத்தில் எழுதி வாங்கியாயிற்று.' பெரியவர்கள் கூடிப் பேசி, முத்திரைத் தாளில் இரண்டு கையெழுத்து! சில சமூகங்களில் 'தீர்த்துவிடுகிற' வழக்கம் வெகுகாலமாக உண்டு. அதை 1955 சட்டமும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த வழக்கம் உண்டென்று கோர்ட்டில் ருசுப்படுத்த வேண்டும். வழக்கமே இல்லாத குடும்பத்தில் அந்தத் தாள் வெறும் தாள்தான்.

டீச்சரின் கதையை முடிக்கவில்லையே. செபரேஷன் தீர்ப்புக்குப் பின் ஒரு வருஷம் சேர்ந்து வாழாமலே இருந்தால், அதையே காரணமாகக் காட்டி டைவர்ஸ் கேட்கலாம். அவளுக்கு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. புது மனு போட்டுத் தீர்ப்பு வரப் பத்து மாதம் பிடித்தது. அந்த நல்ல மனிதர் காத்திருந்தார். பதிவு ஆபீஸில் குமாஸ்தா நகலைக் கேட்டபோது அவள் உடனே நீட்டவில்லை. தலைப்பைத் தானே ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அப்புறம்தான் கொடுத்தாள்.