பேனாவுக்கு முன்னால் கண்ணாடி!

1950-ல் வெளிவந்த 'பார்ன் யெஸ்டர்டே' என்ற ஹாலிவுட் படத்தை என் மகள் போட்டுக் காட்டினாள். காதலும் சிரிப்புமாகப் போகிற அரசியல் கதை. தோழிகளே, நம் எல்லோருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

பழைய இரும்பு வியாபாரத்தில் பணக்காரனான ஹாரி, ஒரு எம்.பி.யைக் கைக்குள் போட்டுக்கொண்டு காரியம் சாதிக்க வாஷிங்டன் வருகிறான். கூடவே காதலி பில்லி. சொத்துகளை அவள் பெயரில் மறைத்து வைத்து, நீட்டுகிற தாளிலெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொள்வான். பெரிய மனுஷங்க முன்னால் அவள் மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று, பாடம் சொல்லித்தர ஒரு பத்திரிகையாளரை வைக்கிறான். வந்தது வினை! பில்லி மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறாள். வாத்தியாரிடம் மனசையும் பறிகொடுக்கிறாள். பிறகு, படிக்காமல் கையெழுத்துப் போட மறுக்கிறாள். அதற்காக அறையும் வாங்குகிறாள். கடைசியில் தன் பெயரிலுள்ள சொத்தை வைத்தே அவனை மடக்குகிறாள். பில்லியாக நடித்த ஜூடி ஹாலிடேவுக்கு ஆஸ்கார் கிடைத்தது.

நம் தமிழ்நாட்டில் 1996 உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்தது. 2016 சட்டத் திருத்தம் அதைப் பாதியாக்கியது. ஆனாலும் பல ஊர்களில் தலைவி பெயர் பலகையில், நாற்காலியில் வீட்டுக்காரர்! தீர்மானப் புத்தகம் சமையலறைக்கே வரும், கையெழுத்துக்கு மட்டும்.

பதவியில் இல்லாத நமக்கென்ன என்று இருக்க முடியுமா? எங்கள் தெரு அக்கா ஒருவர் 'சும்மா ஒரு கையெழுத்து' என்றதை நம்பி ஜாமீன் போட்டார். கடன் வாங்கியவர் கட்டவில்லை. நோட்டீஸ் இவருக்கு வந்தது, வளையல் அடகுக்கடைக்குப் போனது. கடன்காரருக்குள்ள பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

எங்கள் திருத்தணி 1960 ஏப்ரல் 1-ந்தேதிதான் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்தோடு சேர்ந்தது. அதனால் எங்கள் வீட்டுப் பழைய பத்திரம் தெலுங்கில் இருக்கிறது. "புரியாத பாஷைன்னா, தெரிஞ்ச ஆளை வச்சு வரி வரியா படிக்கச் சொல்லிக் கேளும்மா. அப்புறம் பேனாவைத் தொடு" என்பார் என் மாமியார்.

பாங்க் பாரமோ, மகளிர் குழுக் கடனோ, ஊராட்சித் தீர்மானமோ, எதுவானாலும் முதலில் கண்ணாடியை எடுங்கள். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று வீட்டில் கேட்டால், "நம்பிக்கை இருக்குங்க, படிக்கவும் தெரியுமே!" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, திருத்தணி