கர்ப்பிணிக்கு மஞ்சள் காமாலையா? கீழாநெல்லி அரைக்கும் முன் ரத்தப் பரிசோதனை!

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வந்த பெண் இரண்டு நாளாகச் சாப்பாடே வேண்டாம் என்கிறாள். வாந்தி, லேசான காய்ச்சல், அசதி. ‘மசக்கை இன்னும் விடலை போல’ என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். நாலாம் நாள் சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போகும். கண் மஞ்சளாகத் தெரியும்.

அதன் பிறகு திண்டுக்கல் பக்கம் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். கீழாநெல்லியைப் பறித்து மோரில் அரைத்துக் கொடுத்து, பத்தியம் வைப்பார்கள். ஆரோக்கியமான உடம்பில் இந்தக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். கர்ப்பிணி விஷயத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஹெபடைட்டிஸ் இ என்ற கிருமி வேறு முகம் காட்டும்.

(கீழாநெல்லியை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. சென்னை ஆய்வாளர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் 1988-ல் ‘லான்செட்’ இதழில் எழுதிய பிறகு வெளிநாட்டினரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால், அது ஹெபடைட்டிஸ் பி பற்றியது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவும் இல்லை.)

இந்தக் கிருமியை உலகுக்கு அடையாளம் காட்டியதில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1955-ல் டெல்லியில் யமுனைக் குடிநீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. 1978-ல் காஷ்மீர் பள்ளத்தாக்கில் மீண்டும் பரவியபோது டாக்டர் முகமது சுல்தான் குரூ ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தார். அவர் பார்த்த 208 கர்ப்பிணிகளில் 36 பேருக்குக் காமாலை. அதில் 8 பேருக்குக் கல்லீரல் திடீரென்று செயலிழந்தது. கர்ப்பமில்லாத பெண்களில் ஒருவருக்குக்கூட அந்த நிலை வரவில்லை. கடைசி மூன்று மாதங்களில் இந்தத் தொற்று வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏன் இப்படி என்பது மருத்துவ உலகுக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

ஏற்கெனவே கல்லீரல் கெட்டுப்போனவர்கள், நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கும் இது ஆபத்துதான்.

திண்டுக்கல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தண்ணீர்தான். ஆத்தூர் காமராஜர் அணை, வைகையின் பேரணை, காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று பல இடத்துத் தண்ணீரை நம்பி வாழ்கிற ஊர் இது. எப்போதும் ஓடாமல் விட்டு விட்டு வரும் குழாயில்தான் வம்பு. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும். விரிசல் இருந்தால், பக்கத்துச் சாக்கடை உள்ளே கசியும். அந்த நேரத்தில் யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சினால் சாக்கடையும் சேர்ந்தே வரும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

கிருமி உள்ளே போய் நோய் தெரிய இரண்டு முதல் பத்து வாரம் ஆகும். அதனால், ‘எந்தத் தண்ணீரில் வந்தது?’ என்று யோசித்தாலும் விடை கிடைக்காது. தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்கி அந்தப் பெண்ணை நோகடிக்கவும் தேவையில்லை. ஆளுக்கு ஆள் இது அவ்வளவு எளிதில் ஒட்டாது. கழிவறை போனபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதே முக்கியம்.

கர்ப்பிணியின் கண் மஞ்சளானால் அன்றைக்கே மருத்துவமனை. கல்லீரல் பரிசோதனையோடு, ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பி.டி. - ஐ.என்.ஆர். சோதனையும் அவசியம். பேச்சு தடுமாறுவது, அளவுக்கு மீறிய தூக்கம், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவும் பிரசவப் பிரிவும் சேர்ந்திருக்கிற பெரிய மருத்துவமனைக்கு. காய்ச்சல்தானே என்று பாராசிட்டமாலைக்கூட டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

இதற்குத் தடுப்பூசி சீனாவில் 2011-லேயே வந்துவிட்டது. 2022-ல் தெற்கு சூடானின் பென்டியு முகாமில் நோய் பரவியபோது கர்ப்பிணிகளுக்கும் போட்டார்கள். நம் ஊர் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. அதுவரை அடுப்புதான் கை கொடுக்கும்: தண்ணீர் தளதளவென்று கொதித்து, மூடியபடி ஆறி, கை படாமல் குழாய் வைத்த பாத்திரத்தில் இருக்கட்டும். கரும்புச்சாற்றில் போடும் ஐஸும், பந்தலில் தரும் நீர்மோரும் எந்தத் தண்ணீரில் ஆனது என்று தெரியாதவரை, பிள்ளை பிறக்கும்வரை அவை வேண்டாம்.