பி.இ. படிக்கும்போதே வெளிநாடு

பட்டம் வாங்கி, ஜி.ஆர்.இ. எழுதி, வங்கிக் கடனோடு எம்.எஸ். படிக்கப் போவதுதான் தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்களுக்கு நெடுங்காலமாகப் பழகிய வெளிநாட்டுப் பாதை. இப்போது பி.இ., பி.டெக். படிப்பின் நடுவிலேயே இரண்டு மூன்று மாதம் அயல்நாட்டு ஆய்வகத்திலோ தொழிற்சாலையிலோ பயிற்சி பெற்றுத் திரும்பும் வழிகள் பெருகியுள்ளன.

இவற்றில் மூத்தது, 1948இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவான ஐயஸ்டே என்ற மாணவர் பரிமாற்ற அமைப்பு. ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் நிறுவனங்களிடம் பயிற்சி இடங்களைத் திரட்டி, மற்ற நாடுகளோடு இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்கிறது. பயிற்சிக் காலத்துக்கு ஊதியமும் உண்டு. நம் ஊர் நிறுவனம் ஒன்று அயல்நாட்டு மாணவருக்கு இடம் கொடுத்தால்தான் இங்கிருந்து ஒருவர் போக முடியும். கோவையின் பம்ப் தொழிற்சாலைகளும் சென்னையைச் சுற்றியுள்ள வாகன உதிரிபாக ஆலைகளும் இதற்கு மனம் வைத்தால், வாசல் இன்னும் அகலமாகத் திறக்கும்.

கனடாவின் மிட்டாக்ஸ் அமைப்பு நடத்தும் குளோபலிங்க், 12 வார ஆய்வுப் பயிற்சி. அந்நாட்டுப் பேராசிரியர்கள் அறிவிக்கும் ஆய்வுத் திட்டங்களிலிருந்து மாணவர் தனக்கு ஏற்றதைத் தேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும்.

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் இந்திய மாணவர்களுக்காக நடத்தும் வைஸ் திட்டத்தில், இடம் தரும் பேராசிரியரை மாணவரே தேடிப் பிடித்து அழைப்புக் கடிதம் பெற வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால், படிக்கப்படாமலே அழிக்கப்படும். பேராசிரியரின் அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் தன் வேலை எங்கே பொருந்தும் என்று சொல்லும் கடிதத்துக்குத்தான் பதில் வரும். உதாரணமாக, மாணவர் சுழலும் தண்டின் அதிர்வை மினி பிராஜெக்டில் எந்த சென்சாரால் அளந்தார், எங்கே பிழை வந்தது, எப்படிச் சரிசெய்தார் என்பதை நான்கு வரியில் எழுதலாம். மார்க்‌ஷீட்டில் தெரியாத திறமை அந்த நான்கு வரியில் தெரியும். முதல் மின்னஞ்சலுக்கும் விசாவுக்கும் இடையே பல மாதங்கள் ஓடிவிடும் என்பதால், தேடலை முந்தைய ஆண்டிலேயே தொடங்க வேண்டும்.

பயிற்சியோடு நில்லாமல் ஒரு செமஸ்டரையே வெளியே படிக்கவும் சட்டம் இடம் தருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, பட்டத்தை இந்தியக் கல்வி நிறுவனமே தரும் ட்வின்னிங் முறையில் மொத்த கிரெடிட்டில் 30 சதவீதம் வரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பெறலாம்; இரு நாட்டு நிறுவனங்களும் சேர்ந்து தரும் கூட்டுப் பட்டத்துக்கு ஒவ்வொன்றிலும் 30 சதவீதமாவது பெற வேண்டும். இரண்டுக்கும் கல்லூரி முன்கூட்டியே ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். மாணவர் தனியாக ஏற்பாடு செய்துகொண்டு போனால் கிரெடிட் கணக்கில் சேராது.

இங்கே வாங்கும் பட்டத்துக்கு வெளிநாட்டில் கிடைக்கும் மதிப்புக்கு அடித்தளம், 1989இல் கையெழுத்தான வாஷிங்டன் ஒப்பந்தம். உறுப்பு நாடுகள் அங்கீகரித்த பொறியியல் படிப்புகளை ஒன்றுக்கொன்று இணையாக ஏற்க அது வகைசெய்கிறது. இந்தியா 2014 ஜூனில் முழு உறுப்பினரானது. ஆனால் தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டுமே இது பொருந்தும். அந்த அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாக வருவதல்ல, பாடப்பிரிவு வாரியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வருவது. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருந்து சிவிலுக்கு இல்லாமல் போகலாம் என்பதால், கவுன்சலிங்கில் இடம் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்த்துவிடுவது நல்லது.