சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால் டி.வி.யை மாற்ற வேண்டுமா?

நம் சங்க உறுப்பினர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் அநேகம். மாவு மில், லாரி செட், மொத்தக் கடை என்று இரைச்சலிலேயே காலம் கழித்தவர்களுக்குக் காது சற்று மந்தமாவது புதிய செய்தி இல்லை. இரவு கடையைக் கட்டிவிட்டு வந்து ஒரு படம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், பேரப்பிள்ளைகள் படிக்கிறார்கள், சத்தத்தைக் குறையுங்கள் என்பார்கள். குறைத்தால் வசனம் விளங்காது. இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார். மூன்றாம் நாள் "எனக்குப் படத்திலெல்லாம் ஆசை விட்டுப் போச்சு" என்று சொல்லி எழுந்து போய்ப் படுத்துவிடுவார். ஆசை எங்கும் போகவில்லை. காது கேட்கவில்லை என்று சொல்லத்தான் மனம் வரவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு, திரையின் அடியில் வசனம் எழுத்தாக ஓடும் சப்டைட்டில் பெரிய உபகாரம். ஆனால் பென்டிரைவில் போட்டு டி.வி.யில் செருகிப் பார்க்கும் படத்துக்கு அந்த எழுத்து அவ்வளவு எளிதில் வந்துவிடுவதில்லை.

எங்கள் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்தி, தாத்தாவுக்குப் பிடித்த பழைய படம் ஒன்றுக்கு, வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, விடுமுறை முழுவதும் உட்கார்ந்து தமிழிலேயே சப்டைட்டில் அடித்துக் கொடுத்தாள். பென்டிரைவை டி.வி.யில் செருகிப் பார்த்தால் வசனம் வர வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்கள் மட்டும் வந்தன. பார்க்க வந்த மெக்கானிக் "செட் பழசாகிவிட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தவணையில் எடுக்கலாமா என்று நண்பர் என்னிடம் யோசனை கேட்டபோதுதான் விஷயமே எனக்குத் தெரிந்தது.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, திரையில் அந்த எழுத்தை வரைவது யார் என்பதுதான். கடையில் வாங்கும் டி.வி.டி. தட்டில் சப்டைட்டில் ஒவ்வொரு வரியும் சிறு படமாகவே பதிந்திருக்கும். ஒரே தட்டில் 32 வகை சப்டைட்டில் வரை வைக்க இடமுண்டு. பிளேயருக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. படத்தை எடுத்துக் காட்டினால் அதன் வேலை முடிந்தது. பென்டிரைவில் நாம் போடும் எஸ்.ஆர்.டி. என்ற ஃபைல் அப்படிப்பட்டதல்ல. அது வெறும் எழுத்து. வரிசை எண், எந்த நேரத்தில் தோன்றி எந்த நேரத்தில் மறைய வேண்டும் என்ற கணக்கு, அதன்கீழ் வசனம், பிறகு ஒரு வெற்று வரி. நேரக் கணக்கு இப்படி இருக்கும்:

00:05:10,000 --> 00:05:13,500

ஐந்தாவது நிமிடம் பத்தாவது நொடியில் தோன்றி மூன்றரை நொடி நிற்கும் என்று பொருள். இந்த எழுத்தைப் படித்துத் திரையில் வரைய வேண்டியது டி.வி.யின் பொறுப்பு. டி.வி.யிடம் தமிழ் ஃபான்ட் இல்லையென்றால், 'இங்கே ஏதோ ஓர் எழுத்து இருக்கிறது, என்னிடம் அந்த அச்சு இல்லை' என்பதற்கு அடையாளமாகக் கட்டம் போட்டுவிடும். நண்பர் வீட்டில் நடந்தது இதுதான். ஆங்கில சப்டைட்டில் அதே டி.வி.யில் ஒழுங்காக வந்ததே அதற்குச் சாட்சி.

எழுத்தே வராமல் போவது வேறு விஷயம். அதற்கு அநேகமாகப் பெயர்ப் பொருத்தம் இல்லாததே காரணம். லாரி செட்டில் மூட்டையின் மார்க்காவும் ரசீதில் உள்ள மார்க்காவும் ஒத்தால்தானே சரக்கை இறக்கித் தருவார்கள்? அதே கதைதான். படத்தின் ஃபைலும் சப்டைட்டில் ஃபைலும் ஒரே ஃபோல்டரில், ஒரே பெயரில், கடைசிப் புள்ளிக்குப் பின் வருவது மட்டும் வேறாக இருக்க வேண்டும். நடுவில் ஓர் இடைவெளி கூடினாலும் டி.வி. கண்டுகொள்ளாது. சில படங்களில் சப்டைட்டில் உள்ளேயே அடங்கியிருக்கும், எம்.கே.வி. வகை ஃபைல்களில் இது சகஜம். அப்போது ரிமோட்டில் சப்டைட்டில் பட்டனை அழுத்தினால் போதும். அந்தப் பட்டன் ஒன்று இருப்பதையே பல வீடுகளில் யாரும் பார்த்ததில்லை.

குப்பையாக வரும் எழுத்திலும் வகை உண்டு. கட்டம் வந்தால் ஃபான்ட் இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' எழுத்தும், நாம் மசாலா பாக்கெட்டுகளில் பார்க்கும் வட்டத்துக்குள் 'ஆர்' என்ற பதிவுச் சின்னமும் மாறி மாறி வந்தால், ஃபைல் நல்ல நிலையில்தான் இருக்கிறது. படிக்கிற முறைதான் தவறு. யூ.டி.எஃப்-8 என்ற முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். அதை அறியாத பிளேயர் மூன்றையும் மூன்று தனித்தனி எழுத்தாகப் பிரித்துப் படித்துவிடுகிறது. கேள்விக்குறிகளாக வந்தால் ஃபைலைக் கம்ப்யூட்டரில் நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால் சேமிக்கும்போதே தமிழ் அழிந்துவிட்டது என்று பொருள்; அதை மீட்க வழியில்லை. 2019-க்கு முந்தைய விண்டோஸ் நோட்பேடுகள், நாம் மாற்றிச் சொல்லாவிட்டால் 'ஆன்சி' முறையில்தான் சேமிக்கும். தமிழ் எழுத்து தொலைந்துபோகும் என்று ஓர் எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமல் சரி என்று தட்டிவிட்டால் உழைப்பெல்லாம் போயிற்று. 'சேவ் ஆஸ்' கொடுத்து, அடியில் 'என்கோடிங்' என்ற இடத்தில் யூ.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

இந்தக் குழப்பம் நமக்குப் புதிதல்ல. பழைய கம்ப்யூட்டரில் பாமினி ஃபான்ட்டில் அடித்து வைத்த விலைப்பட்டியலைப் புதிய கம்ப்யூட்டரில் திறந்து ஆங்கிலக் கிறுக்கலைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். பாமினியில் 'அ' எழுத்து, ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த ஃபான்ட் இல்லாத இடத்தில் 'எம்' என்றே தெரியும். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி படிக்கட்டும் என்று 1991-இல் வந்த யூனிகோடில் தமிழுக்கும் தனி இடம் கொடுத்தார்கள்; தமிழக அரசும் 2010-இல் அதைத் தரமாக ஏற்றது. ஆகவே சப்டைட்டில் அடிக்கும் பிள்ளைகள் யூனிகோடில்தான் அடிக்க வேண்டும்.

சில டி.வி.க்களில் ஃபான்ட் இருந்தும் எழுத்து உடைந்து வரும். 'வெல்லம்' என்ற சொல்லில் கொம்பு முன்னால் நிற்கிறது. ஆனால் ஃபைலுக்குள் 'வ' முதலிலும் கொம்பு பின்னாலும்தான் பதிவாகியிருக்கும். வரைகிறவர் அதை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். அந்த வித்தை தெரியாத டி.வி. 'வ' போட்டுவிட்டுக் கொம்பைத் தனியே நிறுத்திவிடும். பயனில்லாத எழுத்து அது.

நண்பர் வீட்டில் என்ன செய்தோம் என்றால், எழுத்தை வரையும் வேலையை டி.வி.யிடமிருந்து பிடுங்கிக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தோம். பேத்தியின் லேப்டாப்பில் வி.எல்.சி. என்ற மென்பொருள் இருந்தது. ஆரஞ்சு நிறக் கூம்புச் சின்னம் போட்டது அது. பிரான்ஸ் நாட்டில் எக்கோல் சென்ட்ரால் பாரிஸ் என்ற கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலை. இன்றும் காசில்லாமல் கிடைக்கிறது. லேப்டாப்பிலிருந்து ஓர் எச்.டி.எம்.ஐ. கேபிளை டி.வி.க்கு இழுத்து வி.எல்.சி.யில் படத்தை ஓட்டினோம். 'டூல்ஸ்', 'பிரிபரன்சஸ்', 'சப்டைட்டில்ஸ்' என்று போய், என்கோடிங்கை யூ.டி.எஃப்-8 என்றும், ஃபான்ட்டை விண்டோஸிலேயே இருக்கும் நிர்மலா யூ.ஐ. என்றும் வைத்தோம். தமிழ் பளிச்சென்று வந்தது. கேபிள் செலவோடு காரியம் முடிந்தது. தவணைப் பேச்சு அதன்பின் எழவில்லை.

ஒவ்வொரு முறையும் லேப்டாப்பைத் தூக்க முடியாது என்பவர்களுக்கு ஹேண்ட்பிரேக் என்ற இன்னோர் இலவச மென்பொருள் இருக்கிறது. 'பர்ன் இன்' என்று கொடுத்தால் சப்டைட்டிலைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிடும். பிறகு எந்த டி.வி.யிலும் வரும். ஆனால் நேரம் பிடிக்கும் வேலை. பதித்த எழுத்தை அப்புறம் அணைக்கவும் முடியாது. அசல் ஃபைலைத் தனியே பத்திரப்படுத்திவிட்டுச் செய்யுங்கள்.

எழுத்து வந்தும் வாயசைவோடு ஒத்துப் போகாவிட்டால், வி.எல்.சி.யில் 'எச்' விசையைத் தட்டத் தட்ட எழுத்து பிந்தும். 'ஜி' விசைக்கு முந்தும். ஒரு தட்டுக்கு நொடியில் இருபதில் ஒரு பங்கு நகரும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் இந்த விசைகளால் தீராது. நொடிக்கு 24 சட்டம் ஓடும் படத்துக்கு 25 சட்டக் கணக்கில் செய்த சப்டைட்டிலைப் போட்டிருப்பார்கள். இரண்டு மணி நேரப் படத்தின் முடிவில் எழுத்து 4 நிமிடம் 48 நொடி முந்திவிடும். சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் இந்தக் கணக்கைத் திருத்தலாம். வீட்டில் கம்ப்யூட்டர் பழகிய பிள்ளைகளுக்குச் சில நிமிட வேலை.

வயதானவர்களுக்காகச் செய்யும்போது எழுத்தின் அளவையும் கவனியுங்கள். அதே 'சப்டைட்டில்ஸ்' பக்கத்தில் பெரிது, மிகப் பெரிது என்று அளவு கூட்டும் வசதி உண்டு. வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவர் வரும் காட்சிகளில் வெள்ளை எழுத்து மறைந்துபோகும் என்பதால் மஞ்சள் நிறம் வைத்து, கருப்பு ஓரம் கொடுப்பது நல்லது. மாற்றியதும் 'சேவ்' கொடுத்து, வி.எல்.சி.யை ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள்.