பரணில் கிடக்கும் பழைய துப்பாக்கி

நூறு வருஷத்துக்கு மேலான துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். தாத்தா விட்டுப்போன துப்பாக்கியைக் கூடத்தில் மாட்டியவர்களையும் பழம்பொருள் சேகரிப்பவர்களையும் சிக்கலில் மாட்டிவிடுவது இந்த நம்பிக்கைதான்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவில் ஒரு விலக்கு உண்டு. அது வயதை மட்டும் பார்ப்பதில்லை. வழக்கொழிந்ததோ, தொன்மை மதிப்புள்ளதோ, பழுதானதோ, எதுவானாலும் பழுதுபார்த்தாலும்கூட அது சுடமுடியாததாக இருக்க வேண்டும். குழல் துருப்பிடித்து, விசை இறுகிக் கிடந்தாலும், ஒரு கைதேர்ந்த கொல்லர் அதைச் சரிசெய்துவிட முடியுமென்றால் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கிதான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் இரண்டு முதல் ஐந்து ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு.

கையில் இருப்பது என்ன என்று அறிய, விசைக்கு மேலே பக்கவாட்டில் பதித்த இரும்புத் தகட்டைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சக்கிமுக்கித் துப்பாக்கியானால், 1808-க்கு முந்தையதில் இதய வடிவ முத்திரையும், பிந்தையதில் பின்னங்காலில் நிற்கும் சிங்கமும் இருக்கும். போலிகளும் ஏராளம். மார்ட்டினி-ஹென்றி என்ற பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிக்கு இன்று பாகிஸ்தானில் இருக்கும் தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் நகல்கள் செய்தார்கள். அவற்றில் ஆங்கில 'என்' எழுத்து திரும்பி நிற்பதுண்டு. விக்டோரியா ராணி 1901-இல் காலமானார். அவர் முத்திரைக்குக் கீழே 1907 என்றிருந்தால் சந்தேகப்படுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. முத்திரை அழிந்தால் மதிப்பும் போய்விடும், சான்றும் போய்விடும்.

அதைவிட முக்கியம் உயிர். வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கியில் எப்போதோ நிரப்பிய கருமருந்து, ஈரம் படாமலிருந்தால் பல பத்தாண்டு கழித்தும் வெடிக்கும். 2008-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க்காலப் பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் அது வெடித்து இறந்தார். விசையை இழுத்துப் பார்ப்பது, குழலுக்குள் எட்டிப் பார்ப்பது, பிள்ளைகள் கையில் கொடுத்துப் படம் எடுப்பது, எதுவும் வேண்டாம்.

பயந்துபோய்க் கிணற்றில் வீசவும் வேண்டாம். லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், 21-வது பிரிவின்படி தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து, ரசீது வாங்குங்கள். பழைய லைசென்ஸ், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியரிடமோ மாநகரக் காவல் ஆணையரிடமோ வாரிசான நீங்கள் உங்கள் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். ஒப்படைத்ததால் உரிமை போய்விடாது. லைசென்ஸ் கிடைத்தால் திரும்பப் பெறலாம். இல்லையென்றால் தகுதியுள்ளவருக்கு விற்கலாம். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கி என்ற வரம்பு பரம்பரைச் சொத்துக்கும் பொருந்தும்.

விற்பதென்றால் வெளிநாட்டு வாங்குபவரின் விலையில் மயங்காதீர்கள். நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடைசெய்கிறது. மூன்று ஆண்டுவரை சிறை கிடைக்கும்.

ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு காலம் கடத்தாதீர்கள். குறித்த கெடுவுக்குள் திரும்பப் பெறாமலோ விற்காமலோ விட்டால், துப்பாக்கி அரசுடைமை ஆகிவிடும். கடைசித் தேதி என்ன என்பதை ஒப்படைக்கும் அன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.