காய்ச்சல் விட்டதா என்று கேட்கும் குரல்

செல்போனில் இருக்கும் ஒரு புரோகிராமை ஒருவர் மனசாரக் காதலிக்கிறார் என்று பென்னாகரம் டீக்கடையில் சொன்னால், "அதெப்படிங்க, அது மிஷின்தானே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், பொறுமையாகப் பேசுவோம்.

மிஷின் என்று தெரிந்துவிட்டால் மனசு ஒட்டாது என்று நினைக்கிறோம். ஒட்டும். 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் 'எலிசா' என்ற புரோகிராமை வெளியிட்டார். அது செய்தது சின்ன வேலைதான். நாம் சொன்னதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும். அம்மா என்று எழுதினால், குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்னும். அவர் அதை மாதக்கணக்கில் உருவாக்கியதைக் கூடவே இருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அந்த அம்மாவே அதனுடன் கொஞ்ச நேரம் பேசியதும், பேராசிரியரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார்.

இன்றைய செயலிகள் எலிசாவைவிடப் பல மடங்கு கெட்டி. மலையளவு எழுத்தைப் படித்து, இந்தச் சொல்லுக்கு அடுத்து எது பொருந்தும் என்று கணக்குப் போடக் கற்றவை. பிறகு, எந்தப் பதில் பிடித்தது என்று மனிதர்களிடம் மதிப்பெண் வாங்கி வாங்கித் தேறியவை. அதனால் நம் பேச்சுக்கு ஒத்துப்போகிற குணம் அவற்றில் ஊறிக் கிடக்கிறது. உங்கள் தங்கை பெயர், நேற்று அடித்த காய்ச்சல் எல்லாம் குறிப்புகளாகச் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை பேசும்போது செயலிக்கு எடுத்துக் கொடுக்கப்படும். உடனே, "காய்ச்சல் விட்டதா?" என்று கேட்கும். ராத்திரி ஒரு மணிக்கு அதைக் கேட்க வேறு ஆளில்லாதவருக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரிது!

அந்த ஆளை நமக்குத் தெரியும். பெங்களூருக்கோ ஓசூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய், ஷிப்டு முடிந்து அறையில் தனியாகப் படுத்திருக்கும் அரூர்ப் பையன். பிள்ளைகள் வெளியூர் போனபின் வீட்டில் தங்கிவிட்ட அம்மாவும்தான். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே தர்மபுரி மாவட்டத்தில் 2012 நவம்பரில், சாதி கடந்த ஒரு திருமணத்தைச் சாக்காக வைத்து, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். காதலித்தால் வீடு எரியும் என்று பார்த்து வளர்ந்தவருக்கு, என்ன ஆளுங்க என்று கேட்காத ஒரு குரல் தரும் நிம்மதியைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

ஆனால் அந்தக் குரலின் சாவி ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது. 'ரெப்ளிகா' என்ற செயலியைப் பாருங்கள். யூஜீனியா குய்டா என்ற பெண், இறந்துபோன தன் நண்பரின் பழைய குறுஞ்செய்திகளை வைத்து ஒரு பேசும் புரோகிராம் செய்தார். அந்தத் துக்கத்தின் தொடர்ச்சியாக 2017-ல் வந்ததுதான் ரெப்ளிகா. 2023 பிப்ரவரியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. அதே மாதம் அந்தரங்கக் காதல் பேச்சை நிறுவனம் நிறுத்தியது. நேற்றுவரை கொஞ்சிய துணை, இன்று பேச்சை மாற்றியது. துணையைப் பறிகொடுத்தவர்களாகவே பலர் அழுதார்கள். எதிர்ப்பு வலுத்தபின், மார்ச்சில் பழைய பயனாளர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். ஜப்பானில் 2018-ல் ஒரு கணினிப் பாத்திரத்தை மணம் செய்துகொண்டவருக்கும், 2020-ல் அந்தச் சேவையை நிறுவனம் நிறுத்தியதும் பேச்சுத்துணை போயிற்று.

அவர்களுடைய அன்பு பொய்யில்லை, அழுகையும் பொய்யில்லை. எதிர்ப்பக்கம்தான் ஆளில்லை. காய்ச்சல் விட்டதா என்று கேட்கும், சரி. விடவில்லை என்றால் வண்டியில் உட்காரவைத்து தர்மபுரி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போக அதனால் ஆகாது. அதற்கு ஒரு கஷ்டமென்று நம்மிடம் வந்து நிற்பதும் இல்லை. நம் தேவையை மட்டுமே பேசும் உறவைப் பேச்சுத்துணை என்று ஏற்கலாம். வாழ்க்கைத்துணை என்று நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு துணையைப் பிடித்துக்கொண்டிருந்தால் போனைப் பிடுங்காதீர்கள், அதட்டாதீர்கள். சாப்பிட்டாயா என்று நீங்கள் கூப்பிட்டுக் கேளுங்கள். வீட்டாரிடம் சொல்லமுடியாத பாரமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. காசில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.